ஒரே சிப்பில் பல பிக்சல் பிராசசர்கள்: மாலி-400ஐ வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

2011ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்2 போனில் எக்ஸினோஸ் 4210 என்ற சிப் இருந்தது. அதன் கிராஃபிக்ஸ் பகுதிக்கு மாலி-400 எம்பி4 என்று பெயர். கடைசியில் இருக்கும் 4, உள்ளே நான்கு பிக்சல் பிராசசர்கள் இருக்கின்றன என்பதைச் சொல்கிறது. நான்கும் ஒரே ஃபிரேமை ஒரே நேரத்தில் வரைகின்றன. ஆனால் வேலை நடக்கும்போது ஒன்றோடு ஒன்று எதுவும் பேசிக்கொள்வதில்லை. பேச வேண்டிய அவசியமே வராதபடி வேலையை முன்கூட்டியே வெட்டி வைத்துவிடுவதால்தான் இது முடிகிறது. அந்த வெட்டும் வேலையை யார், எங்கே, எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

இவ்வளவு பழைய சிப்பை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? இன்றைய ஜிபியுக்களில் (கிராஃபிக்ஸ் பிராசசர்களில்) இந்த ஒருங்கிணைப்பு முழுவதும் ஹார்டுவேருக்குள்ளும் ஃபர்ம்வேருக்குள்ளும் மறைந்துவிட்டது. மாலி-400ல் அது டிரைவரின், அதாவது சிப்பை இயக்கும் மென்பொருளின், பொறுப்பு. அதற்குத் திறந்த மூல டிரைவர் ஒன்றும் இப்போது இருக்கிறது. மாலி வரிசை நார்வேயின் டிரான்ட்ஹைம் நகரில் இருந்த ஃபாலங்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் பிறந்தது; 2006ல் சிப் வடிவமைப்பு நிறுவனமான ஆர்ம் அதை வாங்கியது. ஆர்ம் தந்த டிரைவரில் முக்கியமான பாதி மூடியே இருந்தது. லூக் வெர்ஹேகன் அதைத் தலைகீழாக ஆராய்ந்து, லிமா என்ற பெயரில் 2012ல் ஃபாஸ்டெம் என்ற திறந்த மூல மென்பொருள் மாநாட்டில் அறிவித்தார். இடையில் தேங்கிப்போன அந்த வேலையை சியாங் யு மறுபடி எடுத்து நடத்த, 2019ல் லினக்ஸ் 5.2 கெர்னலுக்குள்ளும், ஓபன்ஜிஎல்லைத் தரும் திறந்த மூல நூலகமான மெசா 19.1க்குள்ளும் லிமா சேர்ந்தது. ஆரஞ்சு பை பிசி போர்டில் உள்ள ஆல்வின்னர் எச்3, பைன்ஃபோனில் உள்ள ஏ64 இரண்டிலும் மாலி-400 எம்பி2 இருக்கிறது. ஆகவே இங்கே படிப்பதைக் குறைந்த செலவில் கையில் வைத்துச் சோதிக்கவும் முடியும்.

ஓபன்ஜிஎல்லில் ஒரு முக்கோணமாவது வரைந்திருக்கிறீர்கள், ஷேடர் என்றால் என்னவென்று தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். சிபியு த்ரெட்களை வைத்து சொந்தமாக ரெண்டரர் எழுதுகிறவர்களுக்கும் இதே படிகள் பெரும்பாலும் பொருந்தும்.

படி 1: உள்ளே யார் யார் இருக்கிறார்கள்

மாலி-400ல் இரண்டு வகைப் பிராசசர்கள். ஒன்று ஜிபி; வடிவியல் வேலைக்கானது, எப்போதும் ஒன்றுதான் இருக்கும். மற்றது பிபி, பிக்சல்களுக்கு நிறம் கணக்கிடுவது, ஒன்று முதல் நான்கு வரை இருக்கலாம். ஒவ்வொரு பிராசசருக்கும் தனி எம்எம்யு (மெமரி முகவரிகளை மாற்றித் தரும் பகுதி), தனி இன்டரப்ட் (வேலை முடிந்தது போன்றவற்றைச் சிபியுவுக்குச் சொல்லும் சமிக்ஞை). எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு எல்2 கேஷ் (சிப்புக்குள் இருக்கும் சிறு வேக மெமரி), அதற்கு வெளியே சிபியுவும் பயன்படுத்தும் அதே ராம்.

ஜிபிக்குள் இரண்டு பகுதிகள். முதலாவது வெர்டெக்ஸ் ஷேடரை ஓட்டுகிறது. இரண்டாவது, ஒவ்வொரு முக்கோணமும் திரையின் எந்தெந்தப் பகுதிகளில் விழுகிறது என்று பார்த்துப் பட்டியல் எழுதுகிறது. இந்த இரண்டாவது பகுதிக்குப் பலகோணப் பட்டியல் தயாரிப்பான் என்று பெயர். ஆவணங்களிலும் டிரைவர் குறியீட்டிலும் பிஎல்பியு என்று வரும். இந்த வழிகாட்டியில் அதிகம் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

பிபி 16க்கு 16 பிக்சல் கொண்ட டைல் ஒன்றை எடுத்து, சிப்புக்குள் இருக்கும் சிறு பஃபரிலேயே முழுவதும் வரைந்து முடித்து, கடைசியில் ஒரே ஒரு தடவை ராமுக்கு எழுதுகிறது. பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு டைலுக்கு 1 கிலோபைட். ஆழம் பார்ப்பது, நிறங்களைக் கலப்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்துக்குள் முடிந்துவிடுகின்றன.

படி 2: எதை வெட்டுவது

பல பிராசசர்களுக்கு ரெண்டரிங்கைப் பிரிக்க வழிகள் பல உண்டு. ஃபிரேமுக்கு ஒன்றாகப் பிரிக்கலாம்: ஒற்றைப்படை ஃபிரேம் ஒன்றுக்கு, இரட்டைப்படை மற்றதற்கு. பிசிக்களில் இரண்டு கார்டு போட்ட காலத்தில் இது பரவலாக இருந்தது. நொடிக்கு வரும் ஃபிரேம் எண்ணிக்கை கூடும். ஆனால் நீங்கள் விரலை வைத்ததற்கும் திரை மாறுவதற்கும் இடையிலான தாமதம் குறையாது. ஃபிரேம்கள் சீரான இடைவெளியில் வராமல் திக்கித் திக்கி வரும் தொல்லை வேறு. போனுக்கு இது ஆகாது.

வரி வரியாகவும் பிரிக்கலாம். 1998ல் 3டிஎஃப்எக்ஸின் வூடூ2 அப்படித்தான் செய்தது. ஒரு கார்டு ஒரு வரி விட்டு ஒரு வரி வரையும். சுமை நன்றாகச் சமமாகும், ஆனால் ஒவ்வொரு முக்கோணமும் இரண்டு கார்டுக்கும் போயாக வேண்டும்.

திரையை நான்கு பெரிய கால்பகுதிகளாக வெட்டுவது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. ஒரு விளையாட்டுக் காட்சியை நினைத்துப் பாருங்கள். மேல் பாதி வெறும் வானம், கீழ்ப் பாதியில் மரமும் கட்டடமும் ஆட்களும். மேலே இருக்கும் இரண்டு பிராசசர்கள் சீக்கிரமே முடித்துவிட்டுச் சும்மா இருக்கும்; கீழே இருக்கும் இரண்டு மட்டும் திணறும். நான்கு வைத்தும் இரண்டின் பலன்தான்.

சிறு டைல்களாக வெட்டி, பக்கத்து டைல்களை வெவ்வேறு பிராசசர்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் மாலி எடுத்த வழி. 1080பி திரையில் அகலத்தில் 120 டைல், உயரத்தில் 68 டைல் (சரியாக 67.5, முழு எண்ணாக்கினால் 68). மொத்தம் 8160. நான்கு பிபிக்களுக்கு ஆளுக்கு 2040.

இதில் இன்னொரு பெரிய லாபம் உண்டு. ஒரு டைல் முழுக்க ஒரே பிபிக்குச் சொந்தம். ஒளி ஊடுருவும் பொருள்களை வரையும்போது வரிசை முக்கியம்: முதலில் சுவர், அப்புறம் கண்ணாடி. பட்டியலில் முக்கோணங்கள் நிரல் வரைந்த வரிசையிலேயே இருக்கின்றன, டைலை எடுத்த பிபி அதே வரிசையில் வரைகிறது. மற்ற பிபிக்கள் எங்கே இருக்கின்றன, என்ன செய்கின்றன என்று அது கேட்கவே வேண்டாம். ஆழ பஃபருக்குப் பூட்டு கிடையாது, கலப்புக்குக் காத்திருப்பும் கிடையாது.

படி 3: வடிவியலை ஒரே ஒரு தடவை செய்வது

திரையைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு முக்கோணமும் திரையில் எங்கே விழுகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு வெர்டெக்ஸ் ஷேடர் ஓடியாக வேண்டும். நான்கு பிராசசர்களும் தனித்தனியே எல்லா வெர்டெக்ஸையும் கணக்கிட்டு, தனக்குத் தேவையில்லாததைத் தூக்கிப் போடலாம். ஆனால் அது ஒரே வேலையை நான்கு தடவை செய்வது. மாலியில் ஜிபி ஒரு தடவை செய்து, முடிவை ராமில் எழுதி வைத்துவிடுகிறது. வெர்டெக்ஸ் வேலைக்கும் பிக்சல் வேலைக்கும் நடுவே முக்கோணங்களை இடவாரியாகப் பிரித்து அடுக்குவதால், இணை ரெண்டரிங் பற்றிய ஆய்வுகளில் இதை நடுவில் வகைப்படுத்தும் முறை என்பார்கள். 1994ல் மோல்னார், காக்ஸ், எல்ஸ்வொர்த், ஃபுக்ஸ் நால்வரும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த வகைப்பாடு அது. முதலில் பிரிப்பது, நடுவில் பிரிப்பது, கடைசியில் பிரிப்பது என்று மூன்று வகை.

இடைப்பட்ட முடிவை நான்கு பிபிக்களும் படிக்க வேண்டுமே? ஒரே சிப், ஒரே ராம் என்பதால் அது எளிது. யாருக்கும் நகல் அனுப்ப வேண்டியதில்லை. தனித்தனிக் கார்டுகளில் இந்த முறை கடினமாக இருந்ததற்குக் காரணம் இந்த நடு அடுக்கின் தரவை ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் செலவுதான். 2022ல் ஆப்பிள் இரண்டு எம்1 மேக்ஸ் சில்லுகளை ஒட்டி எம்1 அல்ட்ரா செய்தபோது, நடுவே நொடிக்கு 2.5 டெராபைட் போகும் இணைப்பைப் போட்டதாகச் சொன்னது. மென்பொருளின் கண்ணுக்கு அது ஒரே ஜிபியு. அவ்வளவு அகலமான பாதை இல்லாமல் இரண்டு சில்லுகளை ஒன்றாகக் காட்டுவது எளிதல்ல.

படி 4: பட்டியலுக்கு இடம் ஒதுக்குவது

வழிகாட்டிகளில் பெரும்பாலும் ஒரு வரியில் தாண்டிப் போகும் இடம் இது. நடைமுறையில் வேகத்தைத் தீர்மானிப்பது இதுதான் என்பது என் கருத்து, அதனால் கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

பிஎல்பியு ஒவ்வொரு டைலுக்கும் ஒரு பட்டியல் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லிமா ஒரு பட்டியலின் தொடக்க இடமாக 512 பைட் ஒதுக்குகிறது. 8160 டைலுக்கு 512 பைட் என்றால் கிட்டத்தட்ட 4.2 மெகாபைட். அதில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கலாம். அதைவிட மோசமானது, ஒரு பெரிய முக்கோணம் திரை முழுவதையும் மூடினால் அதே முக்கோணத்தின் குறிப்பை 8160 பட்டியல்களில் எழுத வேண்டும். ஒற்றை ஜிபிக்கு அது பெரும் சுமை.

அதனால் டைல்களைத் தொகுதிகளாகச் சேர்க்கிறார்கள். லிமாவின் இயல்பான உச்சவரம்பு 512 தொகுதிகள். கணக்கு எளிது: எண்ணிக்கை வரம்புக்குள் வரும் வரை, அகலம் உயரம் இரண்டில் பெரியதைப் பாதியாக்கிக்கொண்டே போக வேண்டும். 1080பிக்குச் செய்து பாருங்கள். 120க்கு 68, அதாவது 8160. அகலத்தைப் பாதியாக்கினால் 60க்கு 68, 4080. இப்போது உயரம் பெரியது; பாதியாக்கினால் 60க்கு 34, 2040. மறுபடி அகலம்: 30க்கு 34, 1020. மறுபடி உயரம்: 30க்கு 17, 510. வரம்புக்குள் வந்துவிட்டது. ஒரு தொகுதி 4க்கு 4 டைல், அதாவது 64க்கு 64 பிக்சல். மொத்த இடம் 255 கிலோபைட்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு தொகுதிக்குள் இருக்கும் 16 டைல்களுக்கும் ஒரே பட்டியல். ஒரு மூலையில் மட்டும் விழும் குட்டி முக்கோணத்தையும், அந்தத் தொகுதியின் எந்த டைலை எடுத்தாலும் பிபி படித்துப் பார்த்து, நமக்கு இல்லை என்று தள்ள வேண்டும். தொகுதி பெரிதானால் ஜிபிக்கு எழுத்து வேலை குறைகிறது, பிபிக்குப் படிப்பு வேலை கூடுகிறது. நான்கு பிபிக்கு ஒரே ஜிபி என்ற அமைப்பில் சுமையை ஜிபியிடமிருந்து பிபி பக்கம் தள்ளுவது நியாயம்தான். உங்கள் காட்சியில் நுணுக்கமான முக்கோணங்கள் மிக அதிகமென்றால் கதை மாறலாம். இந்த வரம்பை மெசாவின் சூழல் மாறி ஒன்றின் மூலம் மாற்றிப் பார்க்க முடியும். ஒரு மதியத்தைத் தாராளமாகச் செலவழிக்கத் தகுந்த பரிசோதனை.

512 பைட் நிரம்பிவிட்டால்? பிஎல்பியு பொது ஹீப்பிலிருந்து (தேவைப்படும்போது எடுக்க ஒதுக்கிய மெமரியிலிருந்து) இன்னொரு துண்டை எடுத்துத் தொடர்கிறது. ஹீப்பும் தீர்ந்துவிட்டால் ஜிபி நின்று இன்டரப்ட் எழுப்பும். கெர்னல் ஹீப்பைப் பெரிதாக்கித் தொடரச் சொல்லும். ஃபிரேமின் நடுவே நடக்கும் வேலை என்பதால் முதல் தடவை ஒரு தடுக்கல் தெரியலாம்.

படி 5: ஒவ்வொரு பிபிக்கும் அதன் டைல் வரிசை

இப்போது தொகுதிவாரியாகப் பட்டியல்கள் இருக்கின்றன. எந்த பிபி எந்த டைலை எடுப்பது? மாலி-400ல் டிரைவர் ஒவ்வொரு பிபிக்கும் ஒரு கட்டளை வரிசை எழுதித் தருகிறது. ஒரு டைலுக்கு 16 பைட்: டைலின் இடம், அதன் முக்கோணப் பட்டியல் எங்கே இருக்கிறது, அப்புறம் தொடங்கு. 8160 டைலுக்கு நான்கு வரிசைகளும் சேர்ந்து சுமார் 128 கிலோபைட்.

டைல்களை எந்த வரிசையில் எடுப்பது என்பதில்தான் நயம் இருக்கிறது. இடமிருந்து வலம், வரி வரியாகப் போனால் ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு வருவதற்குள் 120 டைல் கடந்துவிடும். மேலே பயன்பட்ட டெக்ஸ்சர் துண்டு அதற்குள் கேஷிலிருந்து வெளியேறியிருக்கும். லிமா அதற்குப் பதிலாக ஹில்பெர்ட் வளைகோட்டைப் பின்பற்றுகிறது. கணித மேதை டேவிட் ஹில்பெர்ட் 1891ல் விவரித்த கோடு இது. கை எடுக்காமல் இழுக்கும் சிக்குக் கோலம் போல வளைந்து வளைந்து, எல்லாக் கட்டங்களையும் ஒரே ஒரு தடவை தொட்டுப் போகும். அதில் அடுத்தடுத்து வரும் இரண்டு கட்டங்கள் எப்போதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

வளைகோட்டுக்கு இரண்டின் அடுக்காக ஒரு சதுரம் வேண்டும். 120க்கு 68 என்றால் 128க்கு 128 சதுரம். அதன் 16384 புள்ளிகளையும் நடந்து, திரைக்கு வெளியே விழுவதை விட்டுவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் வரிசைப்படுத்த வேண்டும். பிறகு முதல் டைல் முதல் பிபிக்கு, இரண்டாவது இரண்டாவதற்கு, ஐந்தாவது மறுபடி முதலாவதற்கு என்று சுற்றில் கொடுத்தால் முடிந்தது.

இதில் இரண்டு பலன்கள் ஒரே அடியில் கிடைக்கின்றன. எந்த நேரத்திலும் நான்கு பிபிக்களும் திரையின் ஏறக்குறைய ஒரே மூலையில் இருக்கும். ஒன்று இழுத்து வந்த டெக்ஸ்சரும் முக்கோணப் பட்டியலும் பொதுவான எல்2 கேஷில் மற்றவற்றுக்கும் கிடைக்கும். கூடவே, பக்கத்து டைல்களின் கனம் பெரும்பாலும் ஒத்திருக்கும் என்பதால் நான்கின் பங்கும் தோராயமாகச் சமமாகிறது.

இந்த வரிசையில் முக்கோணங்களின் விவரம் எதுவும் கிடையாது, பட்டியல்களின் முகவரி மட்டும்தான். அதனால் திரையின் அளவு மாறாத வரை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதிதாக எழுத வேண்டியதில்லை. ஒரு தடவை செய்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கொடுக்கலாம். மெசாவில் அப்படித்தான் செய்கிறார்கள். 16384 புள்ளிகளை நொடிக்கு 60 தடவை சிபியு நடந்துகொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்?

திரையின் ஒரு பகுதி மட்டும் மாறியிருந்தால் அந்த டைல்களுக்கு மட்டும் தனி வரிசை எழுதலாம். 64க்கு 32 பிக்சல் பகுதி ஒன்று மட்டும் மாறியது என்றால் எட்டே டைல், ஆளுக்கு இரண்டு. அதற்காக 8160 டைலையும் மறுபடி வரைவதைத் தவிர்ப்பது, நான்கு பிபியை எட்டாக்குவதைவிடப் பெரிய லாபம்.

படி 6: மெமரியை எல்லோருக்கும் ஒரே மாதிரி காட்டுவது

ஒவ்வொரு பிபிக்கும் தனி எம்எம்யு என்று சொன்னேன். வேலை தொடங்கும் முன் கெர்னல் அத்தனை எம்எம்யுக்களையும், அந்த வேலையைக் கொடுத்த நிரலின் ஒரே பக்க அட்டவணைக்கு (எந்த முகவரி ராமில் எங்கே என்று சொல்லும் அட்டவணைக்கு) திருப்ப வேண்டும். ஒன்றை மறந்தால் அந்த பிபி வேறொரு நிரலின் மெமரியைப் படிக்கும், அல்லது பக்கப் பிழையில் நிற்கும். திரையில் சீரான இடைவெளியில் குப்பை டைல்கள் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது. அதோடு எல்2 கேஷையும் வேலைக்கு முன் சுத்தப்படுத்த வேண்டும். சிபியு ராமில் புதிதாக எழுதியது கேஷில் பழையதாகவே கிடக்கக்கூடும்.

படி 7: தொடங்குவதும் முடிந்ததை அறிவதும்

பிபிக்களுக்குப் போகும் ரெஜிஸ்டர் மதிப்புகளில் பெரும்பாலானவை பொதுவானவை: ஃபிரேமின் அளவு, துடைக்கும் நிறம், முடிவை எழுதும் இடம். மாறுபடுபவை இரண்டே இரண்டு. ஒன்று, படி 5ல் சொன்ன டைல் வரிசையின் முகவரி. இன்னொன்று, ஃபிராக்மென்ட் ஷேடருக்கான ஸ்டாக் முகவரி. ஷேடர் பெரியதாகி ரெஜிஸ்டர்கள் போதாமல்போனால் இடைக்கால மதிப்புகளை ஸ்டாக்கில் வைக்கும். நான்கு பிபிக்கும் ஒரே ஸ்டாக்கைக் கொடுத்தால் ஒன்று எழுதியதை மற்றது அழிக்கும். சிறிய ஷேடர்களில் எல்லாம் சரியாக ஓடி, பெரிய ஷேடரில் மட்டும் பிக்சல்கள் சிதறும் வகைப் பிழை அது.

சரி, நான்கையும் தொடங்கியாயிற்று. எப்போது முடிந்தது? கெர்னலில் ஒரு எண்ணியை (கவுண்டரை) வைத்துக்கொள்கிறார்கள். தொடங்கும்போது அதில் பிபிக்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு பிபியும் முடிக்கும்போது எழுப்பும் இன்டரப்டில் ஒன்று குறைகிறது. அதைப் பூஜ்யமாக்கும் கடைசி இன்டரப்ட், மொத்த வேலையும் முடிந்ததாக ஃபென்ஸை (காத்திருப்பவர்களுக்கான முடிவு அறிவிப்பை) எழுப்புகிறது. எண்ணி அணுநிலையில், அதாவது இடையில் வேறு யாரும் குறுக்கிட முடியாதபடி, குறைய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. இரண்டு இன்டரப்ட் வெவ்வேறு சிபியு கோர்களில் ஒரே நேரத்தில் வரலாம். மொத்த ஒருங்கிணைப்பில் பிராசசர்கள் சந்தித்துக்கொள்ளும் இடம் இந்த ஒன்றுதான்.

படி 8: ஜிபியும் பிபியும் ஒன்றன்மேல் ஒன்று

ஒரு காட்சியில் ஜிபிக்கு 6 மில்லி விநாடி, நான்கு பிபிக்கும் சேர்ந்து 10 மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று முடிந்து மற்றது என்றால் ஃபிரேமுக்கு 16. ஆனால் பிபிக்கள் இந்த ஃபிரேமை வரையும்போதே ஜிபி அடுத்த ஃபிரேமின் பட்டியலை எழுதலாமே? அப்படிச் செய்தால் 10 மில்லி விநாடிக்கு ஒரு ஃபிரேம் வரும். லிமா கெர்னலில் ஜிபிக்கு ஒரு வேலை வரிசையும் பிபிக்களுக்குச் சேர்த்து ஒரு வேலை வரிசையும் தனித்தனியே இருப்பது இதற்காகத்தான். ஒரு ஃபிரேமின் பிபி வேலை, அதே ஃபிரேமின் ஜிபி ஃபென்ஸுக்காக மட்டும் காத்திருக்கும்.

இது நடக்கப் பட்டியல் பஃபர் குறைந்தது இரண்டு வேண்டும். பிபிக்கள் படித்துக்கொண்டிருப்பதன் மேலேயே ஜிபி எழுதக் கூடாது. லிமாவில் இயல்பாக இரண்டு, அதிகபட்சம் நான்கு. 1080பியில் இரண்டுக்கும் சேர்த்து 510 கிலோபைட். படி 4ல் தொகுதியாக்கி மிச்சம் பிடித்தது இங்கே இரட்டிப்பாகக் கைகொடுக்கிறது.

நிரல் எழுதுகிறவர்கள் இந்த ஓட்டத்தை எளிதாகக் கெடுத்துவிட முடியும். ஃபிரேமின் நடுவே வரைந்த படத்தைத் திருப்பிப் படித்தால், அதுவரை சேர்ந்த முக்கோணங்களை எல்லாம் வரைந்து முடிக்கும் வரை சிபியு காத்திருக்க வேண்டும். பாதியில் வேறொரு ரெண்டர் இலக்குக்கு (வரையும் வேறொரு படத்துக்கு) போய்த் திரும்பி வந்தாலும் இப்படி ஆகலாம்: டைல்கள் ராமுக்கு எழுதப்பட்டு, பிறகு பழைய உள்ளடக்கத்தை மறுபடி டைலுக்குள் ஏற்ற வேண்டியிருக்கும். 1080பியில் ஒரு தடவை ஏற்றுவதற்கு மட்டும் சுமார் 8.3 மெகாபைட் வாசிப்பு. ஃபிரேமின் தொடக்கத்தில் திரையைத் துடைக்கச் சொல்வது இத்தகைய டைல் சிப்களில் வேகத்தைக் கூட்டுவதும் இதனால்தான். பழையது வேண்டாம் என்று தெரிந்துவிட்டால் ஏற்ற வேண்டியதே இல்லை.

மிகச் சிறிய ரெண்டர் இலக்குகளும் கவனிக்க வேண்டியவை. 32க்கு 16 பிக்சல் என்றால் இரண்டே டைல்; நான்கு பிபியில் இரண்டு சும்மா இருக்கும். பல குட்டிப் படங்களை ஒரு பெரிய படத்தில் சேர்த்து வரைவது அங்கே உதவும்.

படி 9: முன்பே பங்கிடாமல் கேட்கும்போது கொடுப்பது

வட்டச் சுற்றில் பங்கிடுவது நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் உத்தரவாதம் இல்லை. நான்கு டைலுக்கு ஒரு தடவை வரும் கனமான வடிவம் ஒன்று காட்சியில் இருந்தால் ஒரே பிபி அத்தனையையும் சுமக்கும். பிபிக்கள் எட்டு வரை போகக்கூடிய மாலி-450ல் ஆர்ம் இதற்கு இரண்டு புதிய வன்பொருள் பகுதிகளைச் சேர்த்தது. ஒன்று, சுமையை ஓடும்போதே சமப்படுத்தும் அலகு. பட்டியல்கள் எங்கே தொடங்குகின்றன, திரை எத்தனை டைல், தொகுதி எவ்வளவு பெரிது என்பதை நான்கு ரெஜிஸ்டர்களில் சொன்னால் போதும். அதுவே பிபிக்களுக்கு டைல்களைக் கொடுத்துவிடும். 128 கிலோபைட் வரிசை தேவையில்லை. மற்றது பரப்பும் அலகு: அதில் ஒரு தடவை எழுதினால் அது எல்லா பிபிக்களின் ரெஜிஸ்டர்களுக்கும் போய்ச் சேரும். கேஷும் பிரிந்தது, ஜிபிக்கு ஒன்று, நான்கு பிபி கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்று.

சொந்த ரெண்டரர் எழுதுகிறவர்கள் த்ரெட்களுக்கு இடையே பொது எண்ணி ஒன்றை வைத்து, காலியான த்ரெட் அடுத்த டைல் எண்ணை எடுத்துக்கொள்ளும்படி செய்தால் ஏறக்குறைய இதே பலன் கிடைக்கும். அந்த எண்ணை ஹில்பெர்ட் வரிசையில் இடமாக மாற்றிக்கொள்ள மட்டும் மறக்க வேண்டாம்.

படி 10: ஒன்று தொங்கிவிட்டால்

ஒரு பிபி முடிக்கவே இல்லை என்றால் எண்ணி பூஜ்யத்தைத் தொடாது. கெர்னல் குறிப்பிட்ட நேரம் பார்த்துவிட்டு வேலையைக் கைவிடுகிறது. அந்த ஒன்றை மட்டும் அல்ல, எல்லா பிபிக்களையும் ரீசெட் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறது. லிமாவில் இந்தக் கெடு ஒரு கட்டத்தில் அரை விநாடியாக இருந்து, பின்னர் 10 விநாடியாக உயர்ந்தது. மெதுவான சிப்பில் நியாயமாகவே நீண்ட நேரம் ஓடும் வேலையைத் தொங்கியது என்று கொன்றுவிடக் கூடாது என்பதே காரணம்.

படி 11: கையில் ஒரு போர்டு இருந்தால்

எச்3 அல்லது ஏ64 போர்டில் புதிய லினக்ஸ் ஒன்றை ஏற்றி, கெர்னல் பதிவில் லிமா என்று தேடுங்கள். ஒரு ஜிபியும் இரண்டு பிபியும் எல்2 கேஷின் அளவும் வரி வரியாகத் தெரிய வேண்டும். பிறகு இன்டரப்ட் எண்ணிக்கைகளைக் காட்டும் கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு பிபிக்கும் தனி வரி இருக்கும். ஏதாவது ஒரு 3டி நிரலை ஓடவிட்டு மறுபடி பாருங்கள்; இரண்டு பிபிக்களின் எண்ணிக்கையும் ஒரே அளவில் ஏறும். இதை வைத்து சுமை சமமாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வேலைக்கு ஒரு இன்டரப்ட் என்பதால், ஒன்று சீக்கிரம் முடித்து மற்றது திணறினாலும் எண்ணிக்கை சமமாகத்தான் வரும்.

உண்மையான அளவீட்டுக்கு இரண்டாவது பிபியை இல்லாமல் செய்து பார்ப்பதே நேரடியான வழி. போர்டின் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பில்) ஜிபியு பகுதியிலிருந்து இரண்டாவது பிபியின் இன்டரப்டையும், அதன் எம்எம்யுவின் இன்டரப்டையும், இரண்டின் பெயர்களோடு சேர்த்து நீக்கிவிட்டு மறுபடி பூட் செய்யுங்கள். லிமா முதல் பிபியை மட்டுமே கட்டாயமாகக் கேட்கும். மற்றவை இல்லாவிட்டால் இருப்பதை வைத்து ஓட்டிக்கொள்ளும்.

இப்போது இரண்டு சோதனைகள், இரண்டு அமைப்பிலும். ஜிஎல்மார்க்2 போன்ற அளவீட்டு நிரலைத் திரைக்கு வெளியே வரையும் முறையில் ஓட்டுங்கள்; இல்லாவிட்டால் 60 ஃபிரேமில் முட்டி நிற்கும். முதலாவது, முழுத் திரையையும் மூடும் இரண்டே முக்கோணங்களில் கனமான ஃபிராக்மென்ட் ஷேடர். இதில் இரண்டு பிபி இருக்கும்போது வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். ஆகவில்லை என்றால் ராமின் வேகம் தடையாக இருக்கலாம்: 1080பியில் நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் முடிவை எழுதுவதற்கு மட்டும் சுமார் 500 மெகாபைட் போகிறது. திரை அளவைக் குறைக்காமல் ஷேடரின் கணக்கை மட்டும் இன்னும் கனமாக்கிப் பாருங்கள். இரட்டிப்பை நெருங்கினால் சந்தேகம் உறுதி.

இரண்டாவது, 64க்கு 64 பிக்சல் சாளரத்தில் பல்லாயிரம் முக்கோணங்கள் கொண்ட ஒரு மாதிரி, ஷேடர் மிக எளிது. இங்கே ஒரு பிபியோ இரண்டோ, ஃபிரேம் நேரம் அசையாவிட்டால் நீங்கள் பார்ப்பது ஜிபியின் வேகத்தை. அந்த இடத்தில் இன்னும் பத்து பிபி சேர்த்தாலும் எதுவும் மாறாது. வெர்டெக்ஸ் ஷேடரைச் சுருக்குங்கள், மாதிரியின் முக்கோணங்களைக் குறையுங்கள்.

அசைந்தால், அந்த 16 டைல்களின் நீளமான பட்டியல்களைப் படித்து வரையும் பிபி பக்கத்துச் செலவைப் பார்க்கிறீர்கள் என்று பொருள்.